மே மாதம் ரொம்பத் தாமதம்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே என் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். மார்க்கைச் சொல்வார்கள், எந்தக் காலேஜில் போடலாம் என்று கேட்பார்கள், அப்புறம் குரலைக் கொஞ்சம் இறக்கி, "ஸ்காலர்ஷிப் எதுவும் கெடைக்குமா டீச்சர்?" என்பார்கள். தென்காசி மாவட்டத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கும் எனக்கு இது வருஷா வருஷம் வருகிற கேள்வி. கிடைக்கும் என்றுதான் சொல்வேன். அது பொய்யும் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு வந்திருக்க வேண்டிய சில தொகைகள் அதற்கு முன்பே, வீட்டில் யாருக்கும் தெரியாமல், கைவிட்டுப் போயிருக்கும். ரிசல்ட் வந்த சந்தோஷத்தில் இருப்பவர்களிடம் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? இங்கே சொல்லிவிடுகிறேன்.

உதவித்தொகை என்றால் நல்ல மார்க் வாங்கிய பிறகு யாரோ கூப்பிட்டுக் கொடுக்கும் பரிசு என்றே பலரும் நினைக்கிறார்கள். அப்படியும் சில உண்டு. பெரும்பாலானவற்றின் நெற்றியில் ஒரு வகுப்பு எழுதியிருக்கும். எட்டில் எழுத வேண்டிய தேர்வை ஒன்பதில் எழுத முடியாது. கல்லூரி முதலாம் ஆண்டில் போட வேண்டிய விண்ணப்பத்தை இரண்டாம் ஆண்டில் போட்டால் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். எப்போது தேட ஆரம்பிப்பது என்று யாராவது கேட்டால், பிள்ளை இப்போது எத்தனாவது படிக்கிறது என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

முதல் கணக்கு ஆறாம் வகுப்பிலேயே தொடங்குகிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் மருத்துவத்துக்கும், 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. இதைவிடப் பெரிய உதவித்தொகை நம் மாநிலத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. நிபந்தனை, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்ட இடத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் இது உண்டு. ஆனால் கட்டணம் கட்டித் தனியாரில் படிக்க வைத்து, பிளஸ் ஒன்னுக்கு மட்டும் இங்கே கொண்டுவந்து சேர்ப்பவர்களுக்கு இல்லை. எங்கள் பக்கம் இன்னொரு சிக்கலும் உண்டு. நெல்லை, தென்காசி வட்டாரத்தில் அரசு உதவி பெறும் மிஷன் பள்ளிகள் ஏராளம், தரமான பள்ளிகள். ஃபீஸ் இல்லை, இலவச நோட்டுப் புத்தகம் வருகிறது, ஆகவே அதுவும் கவர்மென்ட் பள்ளிதான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 7.5 சதவீதம் அந்தப் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. காலேஜ் படிக்கும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் மட்டும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. ஒதுக்கீட்டுக்காகப் பள்ளியைத் தேர்ந்தெடுங்கள் என்று நான் சொல்லவில்லை. எதை விடுகிறோம் என்று தெரிந்துகொண்டு தேர்ந்தெடுங்கள்.

எட்டாம் வகுப்புக்கு வருவோம். என்.எம்.எம்.எஸ். என்று நாங்கள் சொல்லும் தேசிய வருவாய்வழித் திறன் உதவித்தொகைத் தேர்வு இந்த வகுப்பில்தான். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் எழுதலாம். குடும்ப ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். நான்கு வருஷத்துக்கு 48,000. தமிழ்நாட்டுக்கான இடங்கள் 6,695. மனத்திறனுக்கு 90 கேள்வி, பாடத்துக்கு 90 கேள்வி. ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் மார்க் வேண்டும், பட்டியலினப் பிள்ளைகளுக்கு அதில் 5 சதவீதம் தளர்வு உண்டு. ஆக, எட்டாம் வகுப்புத் தேர்வுக்கே ஏழாம் வகுப்பு முழுப் பரீட்சை கணக்கில் வந்துவிடுகிறது.

"அவன் இப்பந்தான் எட்டாப்பு, இப்பமே என்ன டீச்சர் அவசரம்?" என்று ஒரு அம்மா கேட்டார். சாயங்கால வகுப்புக்குப் பையனை நிறுத்திவைத்தால் கடைக்கு ஆள் இல்லை என்பது அவர் கவலை. காலேஜ் ஃபீஸுக்கு இப்போதே பணம் சேர்கிறது என்று சொன்னதும் சம்மதித்தார். பையன் தேறினான். மாதா மாதம் எடுத்துச் செலவழிக்காமல் அந்தப் பணத்தைக் கணக்கிலேயே விட்டுவைத்தார்கள். பாலிடெக்னிக் வேண்டாம், இன்ஜினியரிங்தான் என்று பிறகு அவன் சொன்னபோது வீட்டில் யாரும் மறுக்கவில்லை.

பணத்தைவிட இந்தத் தேர்வு செய்யும் இன்னொரு காரியம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தேறிய பிள்ளை தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிய வேண்டும், தன் பெயரில் வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். பிளஸ் ஒன்னிலும் பணம் தொடர்ந்து வர, பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் எடுக்க வேண்டும். இந்த நடைமுறையெல்லாம் பதிமூன்று வயதில் பழகிவிட்டால், காலேஜில் நுழையும்போது யாரையும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. தேறாத பிள்ளைக்கும் மனத்திறன் கேள்விகள் பழகிவிடும். பின்னால் எந்த அரசு வேலைத் தேர்வு எழுதினாலும் அதே மாதிரிக் கேள்விகள்தான்.

ஒன்பதாம் வகுப்பில் கிராமப்புறப் பிள்ளைகளுக்கு ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது. மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர். வருஷத்துக்கு 1,000 ரூபாய்தான். தொகை மாறாமலே கிடக்கிறது என்று எனக்கும் வருத்தம் உண்டு. இருந்தாலும் எழுத வைக்கிறேன். பழைய கைடுகளைப் பார்த்துவிட்டு என்.டி.எஸ்.இ., கே.வி.பி.ஒய். என்ற தேசியத் தேர்வுகளைக் கேட்டு வருகிற அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. முன்னது 2021க்குப் பிறகு நடக்கவில்லை, பின்னது 2022இல் நிறுத்தப்பட்டது. அவற்றுக்குப் பயிற்சி தருகிறோம் என்று யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒன்பதாம் வகுப்பில் நான் மல்லுக்கு நிற்பது தேர்வுக்காக இல்லை, பெயருக்காக. பள்ளிப் பதிவேட்டில் 'முத்துக்குமார்' என்று சேர்த்து எழுதியிருக்கும். ஆதாரில் 'முத்து குமார்' என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். வங்கியில் இனிஷியலுக்குப் பதில் அப்பா பெயர் முழுதாக ஏறியிருக்கும். சாதிச் சான்றில் ஆங்கில எழுத்து ஒன்று கூடியோ குறைந்தோ இருக்கும். மனிதக் கண்ணுக்கு நாலும் ஒரே பையன்தான். இணையதளத்துக்கு நாலு பேர். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்புவதற்கு முன் பள்ளியிலேயே திருத்திக்கொள்ளலாம், தலைமையாசிரியர் கையெழுத்தோடு வேலை முடிந்துவிடும். மார்க் ஷீட் அச்சாகி வந்த பிறகு ஓர் எழுத்தை மாற்றவும் அலையாய் அலைய வேண்டும். அதனால் ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சை முடிந்ததும் பிறப்புச் சான்று, ஆதார், சாதிச் சான்று, வங்கிப் புத்தகம் நான்கையும் ஒரே மேசையில் பரப்பி வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பிறந்த தேதியையும் சேர்த்துப் பாருங்கள். பள்ளியில் சேர்ப்பதற்காக ஜூன் மாதத்துக்கு நகர்த்தப்பட்ட பிறந்தநாட்கள் எங்கள் ஊரில் நிறைய!

ஆதாரில் இன்னும் இரண்டு விஷயம். பதினைந்து வயதில் கைரேகையும் கருவிழியும் கட்டாயம் புதுப்பிக்க வேண்டும். இதைச் செய்யாததால் விண்ணப்பிக்கும்போது முகத்தையோ ரேகையையோ ஏற்காமல் திருப்பியனுப்பப்பட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அடுத்தது போன் நம்பர். ஆஃபருக்காக சிம் மாற்றுவது நம் வீடுகளில் சாதாரணம். ஆனால் ஓ.டி.பி. எல்லாம் ஆதாரில் கொடுத்த அந்தப் பழைய நம்பருக்கே போய்க்கொண்டிருக்கும். ஒரு நம்பரைப் படிப்புக்கென்று ஒதுக்கி, ரீசார்ஜ் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு தேர்வு உண்டு. ஒன்று, பிளஸ் ஒன்னில் அக்டோபர் வாக்கில் வரும் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு, பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தை வைத்து நடப்பது. 1,500 பேருக்கு இரண்டு வருஷம் மாதம் 1,500 ரூபாய். அதில் பாதி இடம் அரசுப் பள்ளிகளுக்கு. தனியார் பள்ளி, சி.பி.எஸ்.இ. பிள்ளைகளும் எழுதலாம். அடுத்தது முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு, அரசுப் பள்ளிகளுக்கு மட்டும். ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணக்கு, அறிவியல், சமூக அறிவியல்தான் பாடம். 1,000 பேரைத் தேர்ந்தெடுத்து, இளநிலைப் பட்டம் முடிகிற வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய் தருகிறார்கள். தேதி வருஷத்துக்கு வருஷம் நகரும், அறிவிப்புக்கும் கடைசி நாளுக்கும் இடையில் அதிக நாள் இருக்காது. பத்தாம் வகுப்பு முடிந்ததும் பழைய புத்தகங்களைக் கடையில் எடைக்குப் போடாதீர்கள் என்று ஒவ்வொரு ஏப்ரலிலும் நான் கத்துவதற்குக் காரணம் இதுதான்.

இதுவரை சொன்னதெல்லாம் பிள்ளையின் பெயரில் வருவது. அப்பா அம்மா பெயரில் வரும் பணத்தைத் தேடுகிறவர்கள் மிகக் குறைவு.

ஆலங்குளம், கடையம், முக்கூடல் பக்கமெல்லாம் திண்ணைக்குத் திண்ணை பீடி சுற்றுகிறார்கள். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து தொழிற்படிப்பு வரை, வகுப்புக்குத் தக்கபடி 1,000 ரூபாயிலிருந்து 25,000 ரூபாய் வரை மத்தியத் தொழிலாளர் நலத் துறை வருஷந்தோறும் தருகிறது. அம்மாவுக்கு அடையாள அட்டை இருக்க வேண்டும், குறைந்தது ஆறு மாதம் அந்தத் தொழிலில் இருந்திருக்க வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது தெரியுமா? பல வீடுகளில் சுற்றுவது ஒருவர், பீடிக்கடைப் பாஸ்புக் இருப்பது வேறொருவர் பெயரில். மாமியார் பெயரில் இருந்த புத்தகத்தில் மருமகள் பதினைந்து வருஷம் சுற்றியிருப்பார். மகள் நர்சிங் சேரும்போது அட்டை கேட்டால் அட்டை இல்லை, உழைத்ததற்குச் சாட்சியும் இல்லை. இதை மே மாதத்தில் சரிசெய்ய முடியாது. பிள்ளை ஆறாவது ஏழாவது படிக்கும்போதே அம்மா தன் பெயருக்குப் புத்தகம் வாங்கிவிட வேண்டும். கம்பெனிக்காரர்களிடம் கேட்கத் தயங்கும் பெண்களுக்கு சங்கத்துக்காரர்கள் உதவுகிறார்கள்.

கொத்தனார், சித்தாள், பெயின்டர் வேலைக்குப் போகிறவர்களுக்குக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. பிள்ளைகளின் படிப்புக்கு வாரியத்தில் உதவி உண்டு. ஆட்டோ ஓட்டுபவர், தையல்காரர், சலவைத் தொழிலாளி என்று மற்றவர்களுக்கும் தனித்தனி வாரியங்கள் உண்டு. விவசாயக் கூலிகளுக்கும் சிறு விவசாயிகளுக்கும் உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை. எல்லாவற்றிலும் விதி ஒன்றே: முதலில் பதிவு, பிறகுதான் உதவி. பதிவு காலாவதியாகாமலும் இருக்க வேண்டும். தேர்தல் சமயத்தில் யாரோ கூட்டிப்போய் எடுத்துக்கொடுத்த அட்டை, பீரோவுக்குள் துணிக்கு அடியில் புதுப்பிக்கப்படாமல் கிடக்கும். பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைப் பற்றிப் பேசுவதற்கு முன் அட்டையைப் பற்றித்தான் நான் கேட்கிறேன். சிலருக்கு அது பிடிப்பதில்லை. சாதியும் தொழிலும் எதற்கு டீச்சர் விசாரிக்கிறார் என்று ஒருவர் முகத்தைச் சுளித்ததும் உண்டு. காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள்.

பிளஸ் டூ வந்துவிட்டால் தேட வேண்டிய காலம் முடிந்து, திரட்ட வேண்டிய காலம் வந்துவிடுகிறது. வீட்டில் இதுவரை பட்டதாரியே இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்று. அண்ணனோ அக்காவோ பட்டம் படித்திருந்தால் கிடைக்காது. பொறியியல் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் இதற்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு, மேனேஜ்மென்ட் கோட்டாவில் இல்லை. அந்த ஒரு வரியைத் தெரிந்துகொள்ளாமல் கலந்தாய்வுக்கு முன்பே ஏதோ கல்லூரியில் அட்வான்ஸ் கட்டிவிட்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்தச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., துணை வட்டாட்சியர் என்று கோப்பு நகர வேண்டும். ஜூனில் மாவட்டம் முழுக்க அங்கேதான் நிற்கும், சர்வரும் படுத்துவிடும். அரையாண்டு விடுமுறையிலேயே விண்ணப்பித்துவிட்டால் பொங்கலுக்குப் பிறகு படிப்பை மட்டும் பார்க்கலாம். வருமானச் சான்றும் அதே மையத்தில்தான். சாதிச் சான்றுபோல அது ஒருமுறை வாங்கினால் போதும் என்கிற ரகம் இல்லை, புதிதாக எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தனியார் அறக்கட்டளைகளில் எங்கள் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த பெயர் அகரம். அதன் 'விதை' திட்டம் 2010இலிருந்து நடக்கிறது. மார்க்கை மட்டும் பார்க்காமல், தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து நிலைமையைப் பார்த்துப் பேசித் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்படி வருகிறவர்களிடம் வறுமையைக் கூட்டிச் சொல்ல வேண்டாம், மறைக்கவும் வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லியனுப்புவேன். அப்பா குடிக்கிறார் என்பதைச் சொல்ல வெட்கப்பட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்த ஒரு பெண்ணை மறுபடி பேசவைக்க நான் கூட உட்கார வேண்டியிருந்தது. இத்தகைய அறக்கட்டளைகளுக்கு ரிசல்ட் வருமுன்பே எழுதிவைப்பது நல்லது.

காலேஜில் சேர்ந்த பிறகு இன்னொரு சுற்று ஆரம்பமாகிறது. பட்டியலின, பழங்குடியின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும், பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்கான உதவித்தொகையும் குடும்ப வருமானம் 2,50,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான். பொறியியல், டிப்ளமோ படிக்கும் பெண்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி, ஆண்டுக்கு 50,000 ரூபாய், வருமான வரம்பு 8 லட்சம். 'எங்களுக்கு ஒன்றும் கிடைக்காது' என்று நினைக்கிற வாத்தியார் வீட்டுப் பிள்ளைகளும் சில சமயம் அதற்குள் வந்துவிடுகிறார்கள். பி.எஸ்சி. அடிப்படை அறிவியல் எடுத்த, பிளஸ் டூவில் மாநில அளவில் முதல் 1 சதவீதத்துக்குள் வந்த பிள்ளைக்கு இன்ஸ்பயர், ஆண்டுக்கு 80,000.

மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். வருமான வரம்பு 4,50,000. இளநிலைக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். தகுதியைப் படிக்கும் பிள்ளைகள் பலர், 80 சதவீதம் மார்க் வேண்டும் என்று புரிந்துகொண்டு அங்கேயே ஜன்னலை மூடிவிடுகிறார்கள். அங்கே சொல்லியிருப்பது 80ஆவது பெர்சென்டைல். அதாவது அந்த வருஷம் பரீட்சை எழுதிய நூறு பேரில் எண்பது பேருக்கு மேலே இருக்க வேண்டும். அது எத்தனை மார்க் என்பது ஒவ்வொரு வருஷமும், ஒவ்வொரு பிரிவிலும் மாறும். முதலாம் ஆண்டில் மட்டுமே புதிதாக விண்ணப்பிக்கலாம். பிறகு 50 சதவீத மார்க்கும் 75 சதவீத வருகையும் இருந்தால் புதுப்பித்துக்கொண்டே போகலாம். 'சப்மிட்' பொத்தானை அழுத்தியதோடு வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். கல்லூரியில் இதற்கென்று ஒரு பொறுப்பாளர் உண்டு. அவர் தன் பக்கத்தில் சரிபார்த்து அனுப்பினால்தான் விண்ணப்பம் மேலே போகும். நம் பிள்ளைகள் புதுக் காலேஜில், அதுவும் ஆங்கிலம் பேசும் அலுவலகத்தில், போய்க் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். ஒரு மாணவியின் விண்ணப்பம் கடைசி நாள்வரை கல்லூரி மட்டத்திலேயே நின்றிருந்தது. தோழிகள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் நில் என்றேன். போனாள், அன்றே முடிந்தது.

வங்கி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அரசுத் தொகை விண்ணப்பத்தில் எழுதிய கணக்குக்குப் போகும் என்று நினைப்போம். ஆதார் வழியாக வருகிற பணம், கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரைச் சேர்த்தோமோ அங்கே போய் விழும். காலேஜ் வளாகத்துக்கு வந்து ஏதோ ஒரு வங்கி மேசை போட்டுப் புதுக் கணக்கு திறந்துகொடுத்திருக்கும். பையன் பழைய கணக்கையே பார்த்துக்கொண்டு, பணம் வரவில்லை என்று புலம்புவான். பதினெட்டு வயது ஆனதும் மைனர் கணக்கை மேஜராக மாற்றி, கே.ஒய்.சி. புதிதாகக் கொடுக்கவும் வேண்டும். அந்த வயது சரியாகக் காலேஜ் சேரும் சமயத்தில் வருவதால் மறந்துபோகிறார்கள். இதோடு, உதவித்தொகை வந்திருக்கிறது, கியூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணுங்கள் என்று கல்வித் துறை பெயரில் வரும் போன்களை உடனே வைத்துவிடுங்கள். பணம் கொடுப்பவர் ஓ.டி.பி. கேட்க மாட்டார்.

சரி, எல்லாவற்றையும் தவறவிட்டு இப்போது இரண்டாம் ஆண்டில் இருப்பவர்களுக்கு? போஸ்ட் மெட்ரிக், பிற்படுத்தப்பட்டோர் உதவித்தொகைகளுக்கு இந்த வருஷத்துக்காவது விண்ணப்பிக்கலாம். டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்த பெண்களுக்குப் பிரகதி திறந்தே இருக்கிறது. தொழிலாளர் அட்டை வழி வரும் உதவிகள் வருஷா வருஷம் வருபவை. இவை தவிர, பல கல்லூரிகளில் பழைய மாணவர்கள் போட்டுவைத்த நிதி ஒன்று இருக்கும், அதற்கு விளம்பரம் இருக்காது. கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதி, நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை, தமிழிலேயே எழுதலாம். குடும்ப வருமானம், கட்ட வேண்டிய தொகை, அதில் எவ்வளவு குறைகிறது என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். பின்னால் வருமானச் சான்றின் நகல், போன பருவத்து மார்க். கொடுத்ததற்கு அலுவலகத்தில் தேதி போட்டு ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த தடவை கேட்கப் போகும்போது அது வேண்டும்.